அம்மாவுக்கு மேல்காற்று

"வாக்கிங் போங்கம்மா" என்று டாக்டர் சொல்லாத ஆள் நம் வயதில் யாராவது இருக்கிறீர்களா? சர்க்கரைக்கும் அதுதான், முட்டி வலிக்கும் அதுதான், மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் அதுதான். எங்கள் மாத்தூரில் சாயங்காலம் ஆனால் போதும், சேலைக்குக் கீழே ஷூவை மாட்டிக்கொண்டு என் வயதுப் பெண்கள் நாலைந்து பேராகக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர்க்கதை முழுக்க அந்த நடையில்தான் அரைபடும். நீ ஏன் வருவதில்லை என்று என்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தும் போனார்கள். மெகா சீரியல் பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன். காலையில் கூப்பிடுங்கள், எவ்வளவு தூரமானாலும் நடக்கிறேன். சூரியன் இறங்குகிற நேரத்தில், அதுவும் ஆடி மாதத்தில், என்னை வெளியே கூப்பிடாதீர்கள். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிறேன், கேட்டுவிட்டு உங்கள் வாக்கிங்கை நீங்கள் போங்கள். உங்களைத் தடுக்கிறவள் நான் இல்லை.

திருவொற்றியூருக்கு வடக்கே கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் வீடும் இருக்காது, வீடு நின்ற மண்ணும் இருக்காது. கடல் தின்றது போக மிச்சத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். என் நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அம்மா மீனை உப்புப் போட்டுக் கருவாடு காயவைத்து விற்றாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் ஒற்றைப் பெண், செல்லமும் உண்டு, அடியும் உண்டு.

அம்மாவுக்கு இளைப்பு. முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது, நான் ஐந்தாவது படித்த வருடம் கோடையிலும் போகாமல் தங்கிவிட்டது. மூச்சு விடும்போது அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். நான் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். எனக்கு அது விளையாட்டு. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சொல்வேன், அவளும் சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும், இருமல் வந்தால் நைனா என்னை முறைப்பார்.

நைனாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்காத ஆம்பிளைகள் குறைவு. நைனாவும் குடிப்பார், ஆனால் கை நீட்டியதில்லை. அன்பாக நாலு வார்த்தை பேசவும் அவருக்கு வராது. அம்மாவுக்கு நோய் முற்றியபோதுதான் அவர் மனசு என்னவென்று வெளியே தெரிந்தது. அடுப்புப் புகை ஆகாது என்று யாரோ சொன்ன அன்றைக்கே விறகடுப்பைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். தர்காவில் ஓதிய தண்ணீர், தூதுவளை, ஆடாதோடை, பெரியம்மா கொண்டுவந்த ஏதோ ஒரு சூரணம், எல்லாவற்றையும் அவரே கையில் பிடித்துக் கொடுத்தார். அதைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். பொண்டாட்டிதாசன் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர் அம்மாவின் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். புகையில் நிற்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது, நல்ல காற்று படும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆள் நின்றது.

டாக்டருக்குக் காற்று என்றால் ஒரே காற்று. எங்கள் குப்பத்தில் அப்படி இல்லை. காற்றுக்குத் திசை உண்டு, குணம் உண்டு, நம்பலாமா கூடாதா என்பதுவரை உண்டு. நைனா வீட்டு வாசலில் நின்று கன்னத்தைக் காட்டிப் பார்த்தே இன்றைக்கு இன்ன நேரத்தில் காற்று திரும்பும் என்பார், திரும்பும். அந்த மனுஷனிடம் போய் நல்ல காற்று என்று மொட்டையாகச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எந்தக் காற்று என்று யோசித்தார். ஊருக்குத் திரும்புகிற ரயிலில் யோசித்தார், வீட்டுக்கு வந்து வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டும் யோசித்தார்.

கடல்காற்று ஈரம். அது அடிக்கிற நாளில் கருவாடு காயாது, பிசுபிசுத்துப் போய்ப் புழு வைக்கும். மேற்கேயிருந்து கரையைத் தாண்டி வருகிற மேல்காற்று வறண்டது. ஆடியில் அது பிடித்துக்கொண்டால் ஒரே பகலில் கருவாடு சலசலவென்று காய்ந்துவிடும். அம்மா ஆயுசு முழுக்க அந்த இரண்டு காற்றையும் பார்த்துத்தான் பிழைத்திருந்தாள். ஆகவே நைனா சொன்ன நியாயத்தை அவளும் மறுக்கவில்லை.

"ஈரக்காத்துலயே கீறதாலதான் நெஞ்சுல சளி கட்டிக்குது. கருவாடு காயற காத்துல சளி காயாதா?" என்றார் நைனா.

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் யார் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். இன்றைக்கு யோசித்தாலும் அதில் என்ன பிழை என்று அந்தக் குப்பத்தில் ஒருவரால் சொல்லியிருக்க முடியாது. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜனம், முதுகுக்குப் பின்னால் மேற்கே என்ன வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனி கடைசியில் நடை ஆரம்பமானது. நைனா சைக்கிள் கேரியரில் அம்மாவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவார். நான் பின்னாலேயே ஓடுவேன். ஹைரோட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டில் கும்மிடிப்பூண்டி வண்டி போகிறவரை நின்று, அப்புறம் பக்கிங்காம் கால்வாய்க் கரை. அங்கே சைக்கிளை ஒரு மளிகைக் கடை ஓரம் சாத்திவிட்டு அம்மாவை இறக்கி நடக்கவைப்பார். கரையோரம் வடக்கே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவோம். அம்மாவால் அவ்வளவுதான் முடியும்.

எங்கள் குப்பத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். கால்வாய்க் கரையில்தான் நைனா அம்மாவோடு பக்கத்தில் நடந்து நான் பார்த்தேன். அதுவும் எப்போதும் அவளுக்குக் கிழக்குப் பக்கமாகவே நடப்பார், காற்றை மறைத்துவிடக் கூடாதே என்று. நான் தெரியாமல் மேற்குப் பக்கம் போய்விட்டால் சட்டையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் விடுவார். வருகிற காற்று முழுக்க அவளுக்கே கிடைக்க வேண்டும்.

கால்வாய் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். தண்ணீர் கறுப்பு. அதன்மேல் எண்ணெய் படிந்து மயில்கழுத்து நிறத்தில் மின்னும். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும், எருமைகள் மூக்கு மட்டும் தெரிய அதற்குள் படுத்திருக்கும். ஒரு காலத்தில் ஆந்திராவிலிருந்து விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு இதில் படகுகள் வந்தன என்று நைனா சொல்வார். நான் நம்பியதில்லை. அக்கரைக்கு அப்பால் கம்பெனிகள். உயரமான குழாய்கள், வெள்ளி வெள்ளியாக உருண்டைத் தொட்டிகள், ஒரு குழாயின் உச்சியில் இரவும் பகலும் அணையாத தீ. காற்றில் சில நாள் அழுகிய முட்டை வாடை, சில நாள் மூக்கில் ஊசி ஏற்றுகிற ஒரு வாடை, கண்ணில் நீர் வரும். கால்வாய் நாறுகிறது என்று நினைத்துக்கொண்டோம். கால்வாய் என்றால் நாறத்தானே செய்யும்.

ஆனால் அந்தச் சாயங்காலங்கள் அழகாக இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். சூரியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இறங்கும்போது வானம் ஆரஞ்சாகி, அப்புறம் செம்பருத்திச் சிவப்பாகி, அப்புறம் ஒரு ஊதா நிறம் வரும். கடற்கரையில் வளர்ந்த எனக்கு உதயம் தெரியும், அஸ்தமனம் அதுவரை பார்த்ததில்லை. அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். சிவப்புக் கலர் பிளாஸ்க் ஒன்று வைத்திருந்தாள், ஒயர் கூடையில் அதைப் போட்டு எடுத்துவருவாள். மூடியில் சுக்குக் காப்பியை ஊற்றி முதலில் நைனாவுக்குக் கொடுப்பாள், பிறகு எனக்கு. அந்தப் பிளாஸ்க் எங்கே போனது என்று தெரியவில்லை. வானத்துக்கு அந்த நிறம் புகையால்தான் வந்தது என்று வெகுகாலம் கழித்து என் மகன் பாடப்புத்தகத்தில் படித்துச் சொன்னான். அன்றைக்கு எனக்கு அவன்மேல் அர்த்தமில்லாமல் கோபம் வந்தது.

வீடு திரும்பினால் அம்மாவுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வரும். சளி சளியாக வரும். இதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். காய்ந்த சளி பெயர்ந்து வருகிறது, காற்று வேலை செய்கிறது என்றார்கள். மருந்து கசந்தால்தான் நல்ல மருந்து என்று நினைக்கிற ஆட்கள் இல்லையா நாம். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு அவஸ்தைப்பட்டாளோ அவ்வளவுக்கு நைனா நம்பிக்கையானார். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காரவைத்தார்.

ஆடி பிறந்தது. மேல்காற்று ஓயாமல் அடித்தது. மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்று. சில நாள் சாயங்காலமும் கடல்காற்று எட்டிப் பார்க்காது. நைனா இதற்காகவே காத்திருந்தவர்போல மதியமே கடலிலிருந்து திரும்பிச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

சைக்கிளைச் சாத்துகிற மளிகைக் கடைக்காரர் தெற்கத்திக்காரர். ஊருக்கே அவர் அண்ணாச்சி. எங்களைத் தினமும் பார்ப்பார், எனக்குப் பொட்டுக்கடலை கொடுப்பார், வேறு பேச்சு வைத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் அம்மா அவர் கடைவாசலிலேயே இருமல் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நைனாவைப் பார்த்தார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதீய. மேகாத்து அடிக்கையில சீக்காளிய எதுக்கு இங்கன கூட்டிட்டு வாரீய? அந்தக் கம்பெனி காத்துல்லா இது" என்றார்.

அண்ணாச்சி உள்ளே போய்த் தன் தராசின் பித்தளைத் தட்டை எடுத்துவந்து காட்டினார். தட்டு கறுத்திருந்தது. காலையில்தான் புளி போட்டுத் தேய்த்ததாகவும், மேல்காற்று அடிக்கிற நாளில் சாயங்காலத்துக்குள் இப்படிக் கறுத்துவிடுவதாகவும், கடல்காற்று நாளில் இரண்டு மூன்று நாளானாலும் பளபளவென்று இருப்பதாகவும் சொன்னார். பித்தளைக்கே இந்தக் கதி என்றால் மனுஷி நெஞ்சு என்னத்துக்கு ஆகும் என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

நைனாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. காற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"காத்து இன்னான்னு எனக்குத் தெரியும். நீ போய்ப் பருப்பு நிறு" என்றார்.

அம்மா மட்டும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலால் அதைத் தொட்டாள், விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மறுநாள் நைனா சைக்கிளை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. வலையில் பொத்தல் இருக்கிறது என்றார், உட்கார்ந்து பின்னினார். அம்மா இருமினால் அவர் கை ஊசியோடு அப்படியே நிற்கும். இருமல் நின்றதும் திரும்பப் பின்னுவார். அந்த நாட்களில் அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்தது. விசில் சத்தம் குறைந்தது. ஒரு மதியம் அவள் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். வீட்டில் ஒருவர் தேறினால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள், இல்லையா? நைனா அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைத் தள்ளிவைத்து எழுந்து போய்விட்டார். எனக்கு அப்போது அதன் அர்த்தம் விளங்கவில்லை. அவள் தேறத் தேற அவர் செய்தது என்னவென்று அவருக்குத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறது.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ரயில்வே கேட்டுப் பக்கம் மீன் விற்றவள். அண்ணாச்சி சொன்ன சங்கதி அவள் காதுக்கு எட்டிவிட்டது. பெரியம்மாவுக்கு மெல்லப் பேசவே தெரியாது. ஒரு நாள் உச்சிவெயிலில் கூடையை இடுப்பில் வைத்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தெருவே கேட்கட்டும் என்று பேசினாள். காற்று வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்த் தன் தங்கச்சியைக் கொல்கிறான் என்றாள். கம்பெனி விஷத்தை ஆசை ஆசையாக ஊட்டினான் என்றாள். வேறொருத்தியைப் பார்த்து வைத்திருக்கிறானோ என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். கோபம் வந்தால் இல்லாததையும் சேர்த்துப் பேசுவது எங்கள் வழக்கம், ஆனால் கேட்கிறவனுக்கு எல்லாம் ஒரே எடையில்தான் விழும்.

நைனா எழுந்து பதில் பேசுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை, கட்டுமரத்துக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். கூட்டாளிகள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் குப்பத்தில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஆள் அதற்கு முந்தின வருடம் தனியாக மரத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வரவில்லை. அதை எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவும் நினைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா முகம் கழுவிக்கொண்டு, அவளிடம் இருந்ததிலேயே நல்லதான நீல நைலான் சேலையைக் கட்டிக்கொண்டாள். பூ வைத்துக்கொண்டாள். பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக் கூடையில் வைத்தாள். சைக்கிளைத் தானே ஸ்டாண்டிலிருந்து இறக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்னை அனுப்பி நைனாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

"வாய்யா, நேரமாவுது" என்றாள்.

"வேணாமே" என்றார் நைனா. அவர் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"இன்னா வேணாம்? ஒரு வாரமா காத்து வாங்காம நெஞ்சு அடைச்சிகினு கீது. நீ வர்றியா, நான் நடந்தே போவட்டுமா?"

நெஞ்சு அடைத்துக்கொண்டெல்லாம் இல்லை. அன்று காலையில்தான் அவள் இருமாமல் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்திருந்தாள். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நைனா சைக்கிளை எடுத்தார். நேர்வழியில் போகாமல் அம்மா தெருவைச் சுற்றிப் போகச் சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்களைப் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டே போனாள். கேட்டுப் பக்கம் பெரியம்மா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தும் சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

அண்ணாச்சி கடைவாசலில் இறங்கினாள். மேல்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, ஊசி குத்துகிற அந்த வாடையோடு. என் கண்ணில் நீர் வந்தது. அம்மா கால்வாயைப் பார்த்துத் திரும்பி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நீளமாக உள்ளே இழுத்தாள். இருமவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். எப்படி இருமாமல் இருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் தோளில் அவளுடைய நகம் ஐந்தும் பதிந்தது.

"உன் காத்து நல்லாத்தான்யா கீது. நெஞ்சு லேசா ஆவுது" என்றாள்.

அண்ணாச்சி குனிந்து எதையோ தேடுவதுபோல இருந்துவிட்டார். நைனா அம்மாவையே பார்த்தார். பிறகு அவளுக்குக் கிழக்குப் பக்கமாக வந்து நின்றார், இரண்டு பேரும் நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். வானம் அன்றைக்கு அப்படிச் சிவந்தது.

ஆடி முடிகிறவரை தினமும் போனோம். நைனா மறுபடி கடலுக்குப் போனார், சாப்பிட்டார், தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார். அம்மா கரையில் சிரித்துப் பேசினாள், வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. ஆவணியில் ஒரு மதியம், உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. நான் அழவில்லை. அவள் முதுகில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தேன், விடவில்லை.

இதன் உள்விவரம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா சொன்னாள். அவள் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனதற்கு மறுநாள், அம்மா குழாயடியில் அவளைப் பிடித்துக் கேட்டாளாம்.

"அக்கா, நான் இன்னிக்கோ நாளைக்கோ போறவ. நான்தான் கொன்னுட்டேன்னு அந்தாளு மனசுல வெச்சிகினா கடலுக்குப் போய்த் திரும்ப மாட்டான். என் பொண்ணுக்கு அப்பறம் யாரு கீறாங்க?"

பெரியம்மா இதைச் சொல்லிவிட்டு, தான் அன்றைக்கு நாக்கை அடக்கியிருக்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவள்மேலும் கோபம், அண்ணாச்சிமேலும் கோபம், அம்மாமேல்தான் அதிகக் கோபம். எனக்கு நைனா வேண்டும் என்று அவளாகத் தீர்மானித்துவிட்டாள். எனக்கு அவள் வேண்டுமா என்று கேட்கவேயில்லை. இந்த வயதிலும் அது ஆறவில்லை.

நைனா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினார், எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தார். அம்மா திவசத்தன்று வருகிறவர்களிடம் வருடா வருடம் ஒன்றையே சொல்வார். கடைசி வரைக்கும் அந்தக் காற்றை அவளே கேட்டு வாங்கினாள், அதுதான் அவளை அவ்வளவு நாள் பிடித்து வைத்தது என்பார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். நான் மறுத்துப் பேசியதில்லை. பாவம், நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா கொடுத்த விலைக்கு அவர் நிம்மதியாகவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு அவருக்கு எர்ணாவூர்ப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைத்தது. மாத்தூருக்கு வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் நான் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். போன தையில் கண்ணை மூடினார். அதற்கு முந்தின ஆடியில் ஒரு சாயங்காலம் அவர் கட்டிலில் படுத்திருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேற்குப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. வெளியே வானம் சிவந்திருந்தது. அந்த வாடை வந்தது.

"அந்த ஜன்னல சாத்து" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மேல்காற்றுதானே நைனா, உங்கள் காற்றாயிற்றே என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்கம்மா அன்னிக்குப் பொய் சொன்னா. நெஞ்சு லேசா ஆவுதுன்னா பாரு, அப்பவே எனக்குத் தெரியும். முங்கி எழுந்து மூச்சு வுடறவங்கள தெனமும் பாக்கறவன் நானு. நெசமா இழுக்கறது எது, பாசாங்கா இழுக்கறது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

என் கை நின்றுவிட்டது. தெரிந்துமா தினமும் கூட்டிப்போனீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"அவ சொல்றது நெசமா இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு" என்றார்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். எனக்கு அவர்மேல் வெறுப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இத்தனை வருடம் திவசத்தன்று அந்தப் பெருமையை யாருக்காகச் சொன்னார் என்று புரிந்தது. அம்மாவின் பொய்யை அவர் வீணாக்காமல் வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, கீரையைப் பார்த்துக்கொண்டேன்.

திடீரென்று கட்டிலிலிருந்து கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"நீயும் கூட வந்தியேமா. நீயும் அதத்தானே இழுத்தே. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

என் கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இளைப்புக்கு வாயில் வைத்து அடிக்கிற மருந்துக் குழல் இருந்தது. அவர் வீட்டு மாடிப்படி ஏறுவதற்கு முன் கீழேயே நின்று இரண்டு தடவை அடித்துக்கொண்டுதான் எப்போதும் மேலே வருவேன். அதை அவருக்குத் தெரியாமல் பல வருடம் காப்பாற்றியிருந்தேன்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அவருக்குக் கேட்கும்படி மூச்சை நீளமாக உள்ளே இழுத்து விட்டேன்.

"எனக்கு இன்னா நைனா, நல்லாத்தான் கீறேன்" என்றேன்.

அவர் சரி என்று சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. வெளிச்சம் போகிறவரை என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.